உணவு வண்டிக்கு வயரிங், பின்பக்கக் கேமரா: நாமும் தெரிந்துகொள்வோம்



காயல்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் சம்சா, சுண்டல், கஞ்சி விற்க, 'குட்டி யானை' வண்டியை உணவு வண்டியாக மாற்ற நினைக்கும் குழுக்கள் உண்டு. அடுப்பு, பாத்திரம், பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுவோம். வயரிங் என்றால் மட்டும், "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துக்கிடுவாரு லாத்தா" என்று விட்டுவிடுவோம். கடன் நம்ம பேர்ல இருக்கு. தீப்பிடிச்சா நட்டம் யாருக்கு? வேலையை அவரே செய்யட்டும். சரியாகச் செய்தாரா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் கணக்கு

வண்டி மின்சாரம் 12 வோல்ட். ஒரு பொருளின் வாட்டை 12-ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரியும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு என்றால் 36 வாட். சின்ன மின்விசிறி 24 வாட். மொத்தம் 60 வாட், அதாவது 5 ஆம்பியர்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இதை மாட்டக்கூடாது. ராத்திரி வீடு திரும்பும்போது வண்டி கிளம்பாது. தனியாக ஒரு பேட்டரி வேண்டும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். பாதி என்றாலே நமக்குப் பத்து மணி நேரம் வரும். தினமும் சார்ஜ் போட்டால் போதும்.

மிக்ஸி வேண்டுமா? 500 வாட் மிக்ஸி இன்வெர்ட்டர் வழியாக 50 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தடித்த கேபிள், பெரிய இன்வெர்ட்டர் எல்லாம் வேண்டும். சட்னியை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போவது லாபம்.

2. வயரும் ஃபியூஸும்

• ஒற்றைக் கம்பி வயர் வண்டி ஆட்டத்தில் உள்ளுக்குள்ளே முறியும். பல இழை உள்ள செம்பு வயர்தான் வேண்டும். மேலே சொன்ன 5 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும்.
• ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இடையில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.
• ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். கம்பி சுற்றியும் வைக்காதீர்கள். எங்கோ தப்பு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது.
• தகரத் துளை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையென்றால் தகரம் வயரை அறுத்துவிடும்.

3. உப்புக் காற்றும் கேஸும்

நம்ம ஊர்க் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நிற்காது. லக் வைத்து அழுத்தி, மேலே சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். மைனஸுக்கு வண்டித் தகரத்தை நம்பாமல் தனிக் கறுப்பு வயர் இழுப்பது நல்லது. பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால் சிலிண்டர் பக்கத்தில், தாழ்வாக, சுவிட்சோ பேட்டரியோ கூடாது. சிலிண்டருக்குத் தனி அறையும் அடியில் காற்றோட்டமும் வேண்டும்.

4. பின்பக்கக் கேமரா

சிவப்பு வயரை ரிவர்ஸ் விளக்கின் பிளஸ்ஸோடும், கறுப்பை மைனஸோடும் சேர்க்க வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமரா தானே விழிக்கும். படம் கொண்டுபோகும் வயரை இன்வெர்ட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால் திரையில் கோடு கோடாக வரும். தனியாக இழுக்கச் சொல்லுங்கள். பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் வண்டி என்றால், திருப்பத்தில் அறுந்து போகாமல் கொக்கியருகே வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வண்டியின் வலப்பக்கம் ஒருவர் பின்னால் நிற்கட்டும். திரையிலும் வலப்பக்கமே தெரிய வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் மாற்றிய பிறகே பணம் கொடுங்கள். கேமராக் கண்ணில் உப்பு படியும். தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

5. கேமரா இருந்தால் போதுமா?

2002-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஒரு தகப்பனார் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது அவருடைய இரண்டு வயது மகனே அடிபட்டு இறந்துபோனான். அவர் குழந்தை மருத்துவர். கண்ணாடியில் பிள்ளை தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரில் 2008-இல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது. நாம் வாங்கும் பழைய சரக்கு வண்டியில் இரண்டும் இருக்காது; நாம்தான் வைக்க வேண்டும்.

நம்ம ஊர் முடுக்குகளில் பிள்ளைகள் ஓடிவந்து நிற்பார்கள். ஆகவே கேமரா இருந்தாலும், வண்டி பின்னால் வரும்போது ஒரு சகோதரி கீழே இறங்கி நின்று, "வரலாம்" என்று சொன்ன பிறகே நகர வேண்டும். இதைக் குழுவின் தீர்மானமாக எழுதிவையுங்கள்.

மறக்க வேண்டாம்: வண்டியின் அமைப்பை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:

• நம் வண்டியின் மொத்த வாட் எவ்வளவு?
• ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?
• பின்னால் நின்று வழி சொல்லும் பொறுப்பு யாருக்கு?