விவாகரத்தில் பட்டறை யாருக்கு?



தலாக், குலா விவகாரம் பள்ளிக்கு வந்தால் ஜமாஅத் பெரியவர்கள் முதலில் கேட்பது மஹரையும் நகையையும் சீர் சாமானையும்தான். அந்தப் பட்டியல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் திருப்பாச்சூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பல குடும்பங்களின் சொத்து பீரோவில் இல்லை, லேத் பட்டறையில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

நிக்காஹ் இருவரின் சொத்தையும் ஒன்றாக்கிவிடுவதில்லை. ஆணுக்கு அவன் சம்பாத்தியத்தில் பங்கு, பெண்ணுக்கு அவள் சம்பாத்தியத்தில் பங்கு என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். ஆகவே பிரியும்போது 'ஆளுக்குப் பாதி' என்பதும் சட்டமல்ல; 'ஜி.எஸ்.டி. என் பெயரில், எல்லாம் எனக்கே' என்பதும் சட்டமல்ல.

மனைவியின் 20 பவுனை விற்றுக் கணவர் முதல் மெஷினை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகை என்ன கணக்கு? கடன் என்றால், தங்கமாக வாங்கியது தங்கமாகவே, 160 கிராமாகத் திரும்ப வேண்டும். அன்றைய விலையைப் பணமாக நீட்டினால் தீராது. கூட்டு முதல் என்றால், கடன்கள் போக இன்றைய பட்டறை மதிப்பில் அவளுக்குப் பங்கு. அன்பளிப்பு என்றால் திரும்பக் கேட்க வழியில்லை. மூன்றுக்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம்! கொடுத்த அன்று யாரும் பேசவில்லை என்பதற்காக, 'அன்பாகத்தானே கொடுத்தாள்' என்று முடித்துவிடுகிறோம். மஹரைக்கூட அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் நாம் அனுபவிக்கலாம் (4:4). மாமியார் முகத்துக்குப் பயந்து கழற்றிய வளையல் மனமுவந்ததாகுமா?

அவளுடைய உழைப்பு இன்னும் சிக்கல். கூலி பேசாமல் கணவன் தொழிலில் உழைத்த மனைவியை ஹனஃபி நூல்கள் உதவியாளராகவே பார்க்கின்றன. ஆனால் மாலிகி அறிஞர்கள், நெசவு செய்த ஹபீபா என்ற பெண்ணின் வழக்கை எடுத்துக்காட்டுகிறார்கள். கணவரோடு சேர்ந்து உழைத்துச் சேர்த்ததில் பாதியை உமர் (ரலி) அவர்கள் அவருக்கே கொடுத்து, மீதியில் வாரிசுப் பங்கும் கொடுத்தார்கள் என்பது அந்தச் செய்தி. மொராக்கோவின் 2004 குடும்பச் சட்டமும், ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இருவரின் உழைப்பையும் பார்க்கச் சொல்கிறது.

நம் நாட்டில் 1986 சட்டத்தின் 3ஆம் பிரிவு, மஹரோடு, திருமணத்திற்கு முன்போ அப்போதோ பிறகோ உறவினரும் நண்பரும் கணவனும் கொடுத்த பொருள்களையும் அவளுக்கு உரியதாக்குகிறது. இத்தா முடிவதற்குள், அவளுடைய பிற்கால வாழ்வுக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவன் செய்துவிட வேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தொழிலில் போட்ட முதலைக் கேட்க ஆதாரம் வேண்டும். நகை விற்ற ரசீது எங்கே? வங்கிக் கணக்கு யார் பெயரில்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. 'எல்லாவற்றையும் எழுதிக் கொடு, குலாவுக்குச் சம்மதிக்கிறேன்' என்று இழுத்தடிப்பது. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிவு கேட்டபோது, அவர் மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித்தான் நபி (ஸல்) அவர்கள் முடித்துவைத்தார்கள். கொடுத்ததைப் பிடுங்க மனைவியை நெருக்குவதை அந்நிஸா 19ஆம் வசனம் தடுக்கிறது.

கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்ற 2:282 வசனம் கணவன் மனைவிக்கு விதிவிலக்கு தரவில்லை. இப்போது சந்தோஷமாக இருப்பவர்கள்தான் இதை எழுத முடியும். எத்தனை பவுன், எந்தத் தேதி, கடனா கூட்டா அன்பளிப்பா, லாபத்தில் எவ்வளவு? ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.