மெய்யொலியும் மருந்தும்

ஒலி செவியில் விழுவது ஒன்று. விழுந்த ஒலியை மூளை சொல்லாகப் பிரித்துணர்வது மற்றொன்று. முன்னது குன்றினால் செவிமந்தம் என்கிறோம். செவி நன்றாக இருந்தும் பின்னது குன்றுமாயின், அதனைக் கேட்டல் செயலாக்கக் கோளாறு என்பர் மருத்துவர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், 'தட்டு' என்று நான் சொன்னால் 'பட்டு' என எழுதுவார். சில வேளை 'கட்டு' என்பார். கவனக்குறைவு எனக் கருதிக் கடிந்துகொண்டேன். பின்னர்தான் ஒன்று புலப்பட்டது. அவருக்கு உயிரொலிகளில் பிழையே நேர்வதில்லை, பிழையெல்லாம் மெய்யில். ஒருநாள் அவருடைய தாயார் வந்து, சிறுவயதில் மகனுக்குக் காசநோய்க்காகப் பல மாதங்கள் கனாமைசின் ஊசி போட்டதைக் கூறி, "அந்த ஊசியாலதானா சார்?" என்று கேட்டார்.

வினா புதிதன்று. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அம்மருந்து பெற்றோர்க்குத் தலைசுற்றலும் செவிமந்தமும் வருதல் அறியப்பட்டது. எனினும் அதனைக் கைவிட இயலவில்லை. உயிர் போகும் நோயாயிற்றே! 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு மையமும் 1960-களில் இம்மருந்தை வாரம் இருமுறை அளித்து ஆராய்ந்தது. இவ்வின மருந்துகள் உட்செவியின் மயிரணுக்களை அழிப்பன. அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர் அதிர்வொலிகளை ஏற்கும் அணுக்களே முதலில் அழியும். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் அமைவது. வல்லின மெய்களை வேறுபடுத்தும் கூறுகளோ பெரிதும் உயர்ந்த அதிர்வுகளைச் சார்ந்தவை. ஆகவே உயிர் கேட்கும், மெய் மங்கும்.

மாணவரின் ஆடியோகிராம் வரைபடம் உயர் அதிர்வுகளில் சரிந்திருந்தது. எனவே குறை முதற்கண் செவியில்தான். மூளையின் செயலாக்கத்தை ஐயுறுமுன் இதனை அறிதல் வேண்டும். ஆயினும் ஊசிதான் காரணமா? ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965-இல் காரணகாரியத் தொடர்பை ஆராயக் கூறிய ஒன்பது கூறுகளில், காரணம் முன்னும் விளைவு பின்னும் நிகழ்ந்திருத்தல் விலக்கவொண்ணாதது. ஊசி தொடங்குமுன் செவிச் சோதனை செய்த குறிப்பு ஏதும் இல்லை. விடுமுறைகளில் அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தருகே நின்றதும் உண்டு. இரைச்சலும் மயிரணுக்களைக் கெடுப்பதே. ஆனால் அது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தை உண்டாக்கும். இவ்வரைபடத்தில் பள்ளமில்லை. "ஊசியாக இருக்கவே மிகுதியும் கூடும்" என்றார் மருத்துவர், "உறுதி" என்னவில்லை. அச்சொல்லடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

கனாமைசினை உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் காசநோய்க்குப் பரிந்துரைப்பதினின்று விலக்கியது. எனினும் அவ்வினத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிக்காசின் முதலியன பிற நோய்த்தொற்றுகளுக்கு இன்றும் வழங்கப்படுகின்றன. மருத்துவர் இறுதியாகத் தாயாரிடம், "உங்கள் பிறந்த வீட்டில் ஊசிக்குப் பின் காது மந்தமானவர் உண்டா?" என வினவினார். இவ்வின மருந்தின் சிறிதளவுக்கும் செவி கெடச் செய்யும் மரபணு மாற்றமொன்று 1993-இல் கண்டறியப்பட்டது. அது தாய்வழியே வருவது. அவ்வம்மையார் சற்று நேரம் பேசாதிருந்து, தம் அண்ணனின் பெயரைச் சொன்னார். மாணவருக்குத் தங்கை ஒருத்தி உண்டு. இவ்வூசிகளை அவளுக்குத் தவிர்க்கவேண்டுமென அன்றே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார் மருத்துவர்.