கை சிவப்பது பித்தத்தாலா?

சென்னைப் புறநகரான நூம்பலை ஒட்டி வேலப்பன்சாவடி, வானகரம் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகக் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. முகூர்த்த மாதங்களில் அங்கே வரும் பெண்களில் மருதாணி இல்லாத கையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சிவப்பு ஒருத்திக்குப் பற்றுவதும் இன்னொருத்திக்குப் பற்றாததும் ஏன், எதைச் செய்தால் அது நாள்பட நிற்கும் என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு விளக்கம் உண்டு. பித்த உடம்பென்றால் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும்; புருஷன் பிரியமாக இருந்தால் நன்றாகச் சிவக்கும்; எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டுத் தொட்டு வைத்தால் மாதக்கணக்கில் போகாது; கிராம்புப் புகை காட்டினால் நிறம் ஏறும். இவற்றில் சில முழுப்பொய், சில பாதி மெய். எது எந்த ரகம் என்று பிரித்தறிய, நிறம் தோலில் எங்கே போய் உட்காருகிறது என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும்.

மருதாணி இலையின் சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். இலைக்குள் அது சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்த முன்வடிவத்தில் இருக்கிறது. இலையை அரைத்து, கொஞ்சம் புளிப்பும் சேரும்போது அதிலிருந்து விடுபட்டு, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மேலடுக்கு முழுவதும் செத்த செல்கள். அங்கே ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதைப்போலப் பல மடங்கு. ஒரே கோன், ஒரே இரவு, ஆனால் உள்ளங்கை கருஞ்சிவப்பாகவும் புறங்கை வெளிறிய செம்மஞ்சளாகவும் ஆவதற்குக் காரணம் இதுதான். மேல்நாடுகளில் வெயிலில் காயாமலே தோலை மாநிறமாக்க அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே டான் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதில் இருப்பது டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற சர்க்கரை. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குழந்தைகளுக்கு அதை மருந்தாகக் கொடுத்துவந்த ஈவா விட்கென்ஸ்டைன், மருந்து சிந்திய இடத்தில் தோல் பழுப்பாவதைக் கவனித்தார். அந்தப் பழுப்பும் இதே செத்த அடுக்கில்தான் ஏறுகிறது. ஒரு வாரத்தில் அந்த அடுக்கோடு உதிர்ந்தும் போகிறது. அதைக் காப்பாற்ற அங்கே சொல்லப்படும் யோசனைகளும், மருதாணியைக் காப்பாற்ற இங்கே பலன் தரும் வழிகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

இப்போது பித்தத்துக்கு வருவோம். ரத்தமே எட்டாத அடுக்கில் நடக்கும் வினையில் பித்தநீருக்கு வேலையில்லை. அப்படியானால் ஒரே வீட்டில் ஒரே விழுதை வைத்துக்கொண்ட அக்காவுக்குச் சிவந்து தங்கைக்குச் சிவக்காதது எப்படி என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மேலடுக்கின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும்; வீட்டு வேலையில் உரம் ஏறிய கைக்கும் மென்மையான கைக்கும் அதில் வித்தியாசம் உண்டு. இன்னொன்று கையின் வெப்பம். உடம்பின் உள்வெப்பம் எல்லோருக்கும் ஏறத்தாழ 37 பாகை என்றாலும், விரல்களும் உள்ளங்கையும் சிலருக்கு எப்போதும் கதகதப்பாகவும் சிலருக்குச் சில்லென்றும் இருக்கும். வெப்பம் கூடினால் வேதிவினை வேகமாக நடக்கும். ஆகவே ‘சூட்டு உடம்பு’ என்று பாட்டிமார் சொன்னதில் கவனிப்பு சரி, காரணம் தவறு. புருஷன் பிரியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதை அளக்க வேறு வழிகள் இருக்கின்றன.

எலுமிச்சைக்கு நியாயம் செய்ய வேண்டும். விழுது கலக்கும்போது சேர்க்கும் எலுமிச்சையோ புளியோ வீண் அல்ல. சாயம் விடுபட லேசான புளிப்பு உதவுகிறது. காய்ந்த மருதாணிமேல் தொட்டு வைக்கும் சர்க்கரைக் கரைசலின் வேலை வேறு. அது நிறமூட்டியல்ல, பசை. காய்ந்தது பொருபொருவென்று உதிராமல், கொஞ்சம் ஈரத்தோடு தோலை ஒட்டியிருக்கச் செய்கிறது. அதற்கு ஓரிரு முறை தொட்டால் போதும். மறுபடி மறுபடி ஊற்றினால் கோலம் கசிந்து விளிம்பு மங்கும், அவ்வளவுதான். கிராம்பைத் தவாவில் போட்டுக் கையைக் காட்டுவதில் பலன் தருவது பெரும்பாலும் அந்தச் சூடு; கிராம்பு வாசனைக்கு. யூகலிப்டஸ் போன்ற தைலங்களைக் கோன் போடுபவர்கள் விழுதில் சேர்ப்பதுண்டு. அளவு மீறினால் தோல் எரியும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது நேரம். இரண்டு மணி நேரத்தில் கழுவிவிட்டு ஆயிரம் தைலம் தடவினாலும், இரவு முழுக்க வைத்திருந்த கைக்கு ஈடாகாது.

எடுத்த பிறகு செய்வதிலும் இதே கணக்குத்தான். காய்ந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும், சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. முதல் நாள் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது. செம்மஞ்சளாகத் தொடங்கும் நிறம் காற்றுப் பட்டு முழுச் சிவப்புக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். வரவேற்புக்கு முந்தின இரவு மருதாணி வைத்துக்கொள்ளும் மணப்பெண்ணின் படங்களில் கை செம்மஞ்சளாகத் தெரிவதற்கு மருதாணியைக் குறை சொல்லிப் பயனில்லை; இரண்டு நாள் முன்னதாக வைத்திருக்க வேண்டும். வேக்சிங், ஸ்க்ரப் எல்லாம் மருதாணிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பின்னால் செய்தால், சாயம் ஏறிய அடுக்கையே காசு கொடுத்துத் தேய்த்தெடுப்பதாக ஆகும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே முறை: முன்னால் தடவினால் சாயத்தைத் தடுக்கும், பின்னால் தடவினால் தோல் வறண்டு உதிராமல் காக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பிளீச்சிங் பவுடரும்தான் முதல் எதிரிகள். இத்தனையும் செய்தாலும் தோலில் ஒன்றிலிருந்து மூன்று வாரம். அடுக்கு உதிர்ந்தால் நிறமும் உதிரும். நகத்தில் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். நகம் உதிர்வதில்லை, மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து வெட்டுப்படுகிறது.

இந்த எல்லையைத் தாண்டுவதாகச் சொல்லும் சரக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் என்று விற்கும் கோன்களில் வேலை செய்வது மருதாணி அல்ல. மருதாணி கறுப்பு நிறம் தராது. அந்தக் கறுப்புக்குப் பல இடங்களில் சேர்க்கப்படுவது தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பாரா ஃபினைலீன் டையமீன், சுருக்கமாகப் பிபிடி. தலைமுடிச் சாயத்திலேயே அதற்கு ஐரோப்பாவில் இரண்டு சதவீத உச்சவரம்பு உண்டு; தோலில் நேரடியாகப் பூச அங்கேயும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை. ‘எங்கள் தெருவில் எல்லோரும் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே செல்லாது. ஒவ்வாமை முதல் முறையிலேயே வெளியே தெரிய வேண்டுமென்பதில்லை; முதல் முறை உடம்பு அதை அடையாளம் கண்டுவைத்து, அடுத்த முறை கொப்புளமாகக் காட்டலாம். அதற்காக இயற்கை மருதாணி யாருக்கும் தீங்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு லாசோன் தோல் வழியே போய் ரத்த சிவப்பணுக்களை உடைத்திருக்கிறது. கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டாம். பெரியவர்கள் கறுப்புக் கோனை வாங்க வேண்டாம். ஏற்கெனவே போட்டு அரிப்போ கொப்புளமோ வந்திருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பிபிடி ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும். இருபது வயதில் கையில் போட்டது, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகத்தை வீங்க வைக்கலாம்.