குளிரும் காய்ச்சலும்

மார்கழி மாதத்து விடியற்காலை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரு நகரம் குளிரில் நடுங்குகிறது. வேலியின்மேல் ஓணான் ஒன்று விறைத்து அசையாதிருக்கிறது. வாயிற்படியில் படுத்திருக்கும் பூனையின் உடலோ ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் இருக்கிறது. ஓணான் வெயிலை எதிர்பார்க்கிறது. பூனை தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பறவைகளும் பாலூட்டிகளும் இவ்வாற்றல் பெற்றவை.

இவ்வெப்பத்தைச் சீராகக் காப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியாகும். உடல் குளிர்ந்தால் அது தசைகளை நடுங்கச் செய்கிறது. தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உடல் சூடேறினால் மனிதனுக்கு வியர்க்கிறது; நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது.

மூளையிலுள்ள வேதிப்பொருள்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. 1963ஆம் ஆண்டில் ஃபெல்ட்பெர்க், மையர்ஸ் என்னும் அறிஞர்கள் இலண்டனில் பூனைகளின் மூளையினுள் செரட்டோனினைச் செலுத்தினர். உடல் வெப்பம் உயர்ந்தது. நார்அட்ரினலினைச் செலுத்தினர், வெப்பம் தாழ்ந்தது. பின்னர் முயல்களை ஆராய்ந்தபோதோ, அதே நார்அட்ரினலின் வெப்பத்தை உயர்த்தியது. பொருள் ஒன்றே, விளைவு விலங்குக்கு விலங்கு வேறுபட்டது.

காய்ச்சலும் மூளையின் கட்டளையால் வருவதே. கிருமிகள் உடலில் புகும்போது புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, ஹைப்போதலாமஸ் காக்கும் வெப்ப அளவை உயர்த்திவிடுகிறது. அப்புதிய அளவை எட்டும்வரை உடல் குளிரையே உணர்கிறது. அதனால்தான் நெற்றி சுடும்போதும் நோயாளி போர்வை கேட்கிறார். பாராசிட்டமால் மாத்திரை அப்பொருள் உண்டாவதைக் குறைக்கிறது. உடல் வியர்த்துக் காய்ச்சல் தணிகிறது.

ஆயினும், அம்மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தல் ஆகாது. மனிதரின் கல்லீரல் அம்மருந்தை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்குரிய நொதி போதிய அளவு இல்லை. ஆதலால், ஒரே மாத்திரையும் அதன் உயிரைப் போக்கக்கூடும். இரக்கத்தால் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சே. நோயுற்ற பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே அதற்குச் செய்யும் உண்மையான உதவியாகும்.

சொற்பொருள்
விறைத்து – குளிரால் மரத்து
தணிகிறது – குறைகிறது
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்

விடையளிக்க
1. குளிர்காலையில் ஓணானும் பூனையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. காய்ச்சலின்போது குளிர் தோன்றுவது ஏன்?
3. மனிதருக்குரிய மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்பதை உம் தோழருக்கு விளக்கி ஐந்து தொடர்கள் எழுதுக.