ஊற்றும் செறிப்பும்: சிந்தாமணி கற்கும் மாணவர் சிந்தனைகள்

தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர். அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் தலபுராணங்களும் அவருக்கு மனப்பாடம். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களையெல்லாம் அவர் அடுக்கிச் சொல்ல, முதலியாரோ சிறிதும் வியப்புக் காட்டாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அவ்வொரு வினாவே பழந்தமிழ் நூல்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு தந்தது என்பதை ஐயரவர்களின் 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர்.

அவ்வரலாற்றில் நம் சமூகத்தார் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி அதற்குப் பின்னர் வருவது. சுவடி கையில் கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆயினும் சமண சமயக் கருத்துகள் வந்த இடங்களில் ஐயரவர்கள் நின்றுவிட்டார். சைவ நூற்பயிற்சி அங்கே துணை செய்யவில்லை. அப்போது அவர் நாடியது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை. அவர்களுள் சந்திரநாத செட்டியார் முதன்மையானவர். ஐயரவர்கள் அங்குச் சென்ற நாளில் சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்தியதை ஒரு விழாவாகவே கொண்டாடிக்கொண்டிருந்தனர். கல்லூரி ஆசிரியர் பெயரளவில் அறிந்திருந்த நூலை, இல்லறத்தார் சிலர் கூடியிருந்து படித்து முடித்து, வாயிலில் தோரணம் கட்டி மகிழ்ந்தனர்! 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் பின்னே அந்த இல்லறத்தாரின் விளக்கங்கள் நிற்கின்றன. அவர்கள் துறவியரல்லர்; கல்லூரி வாயிலை மிதித்த பண்டிதருமல்லர்.

யாம் திருவண்ணாமலையில் தங்கித் தமிழ் முதுகலை பயிலும் மாணவர் சிலர். வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அண்ணாமலையின் அடிவாரத்தில், கிரிவலம் வருவோரின் காலடி ஓசை நள்ளிரவிலும் அடங்காத நகரில், திருத்தக்கதேவரையும் பவணந்தி முனிவரையும் பாடங்கேட்கிறோம். பவணந்தியின் நன்னூலுக்கு உரை வகுத்த மயிலைநாதர் சமணர். பின்னர் விரிவுரை வகுத்த சங்கர நமச்சிவாயர் சைவர். ஆகவே இவ்வூரில் இருந்து இந்நூல்களைக் கற்பதில் வியப்பேதும் இல்லை.

ஒருநாள் வகுப்பில் உடன்பயிலும் நண்பரொருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். "சமண நூல்கள் அனைத்தும் நிலையாமை ஒன்றையே பேசுகின்றன, இளமை நில்லாது, செல்வம் நில்லாது, யாக்கை நில்லாது என்கின்றன. சரி, இருபது வயதுடையவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படிப் பேசும் சமயத்தில், எட்டுத் திருமணம் கூறும் மணநூலை ஒரு முனிவர் ஏன் பாடினார்?" என்று அவர் கேட்டார். பகையின்றிக் கேட்ட கேள்வி. விடை காணும் முயற்சியாகச் சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தை யாம் மீண்டும் மீண்டும் படித்தோம்.

பதின்மூன்று இலம்பகங்களில் அது இறுதியானது. சீவகன் தன் தந்தையைக் கொன்று அரசைப் பறித்த கட்டியங்காரனை வென்று, இராசமாபுரத்து அரியணை ஏறி, தேவியர் எண்மருடன் நெடுங்காலம் இன்புற்று வாழ்கிறான். ஒருநாள் சோலையில் ஆண் குரங்கொன்று, ஊடிய தன் துணையைத் தேற்றப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறது. சோலைக் காவலன் குரங்குகளை விரட்டிவிட்டு அப்பழத்தைப் பறித்துக்கொள்கிறான். இவ்வளவே நிகழ்ச்சி. நாள்தோறும் தோப்புகளில் நடப்பது.

அதைக் கண்ட சீவகன் உள்ளத்தில் எழுந்த எண்ணந்தான் எம்மை நெடுநேரம் நிறுத்தியது. தந்தையின் அரசைப் பறிகொடுத்து, சுடுகாட்டில் பிறந்து, வணிகர் மனையில் வளர்ந்தவன் அவன். பழத்தை இழந்த குரங்கில் அவன் தன்னைக் கண்டிருந்தால் யாரும் குறை கூறார். அவனோ குரங்கில் கட்டியங்காரனைக் கண்டான். பறித்துக்கொண்ட காவலனிலேயே தன்னைக் கண்டான். அறப்போரில் வென்று, உரிமையால் பெற்ற அரசும், வேறொரு கோணத்தில் நோக்கினால், ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாறிய பழமே. நாளை இதுவும் கைமாறும். இவ்வெண்ணம் எழுந்த பின்னரே துறவு வருகிறது.

நண்பரின் வினாவுக்கு இங்கே ஒரு விடை உண்டென்பது எம் கருத்து. 'எல்லாம் அழியும், ஆதலால் எதையும் தொடாதே' என்று தேவர் பாடவில்லை. தொட்டு, பெற்று, துய்த்து, அதன்பின் தன்னையே நடுநிலையில் நின்று பார்க்க வல்லவனையே பாடினார். எண்மரை மணந்த கதை இல்லாவிடில் பலாப்பழம் வெறும் பலாப்பழமாகவே இருந்திருக்கும். நிலையாமை என்பது இளைஞனுக்கு இன்பத்தை மறுக்கும் செய்தி என்று கொள்வது குறையுடையது; தன் வெற்றியைத் தானே ஐயுறக் கற்பிக்கும் பாடமாகவும் அதைக் கொள்ளலாம். தேர்வில் முதலிடம் பெறுபவனுக்கும் சொத்து வழக்கில் வெல்பவனுக்கும் இது பயன்படும் (பின்னவருக்குச் சற்றுக் கூடுதலாகவே பயன்படும் என்று எம்முள் ஒருவர் சொன்னார்).

இனி, தத்துவப் பகுதிக்கு வருவோம். சமணம் கூறும் ஒன்பது பொருள்களைத் தமிழ் முன்னோர் உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என்று வழங்கினர். தத்துவார்த்த சூத்திரம் புண்ணிய பாவங்களைத் தனித்து எண்ணாமல் ஏழு என்று கொள்ளும். இவற்றுள் ஆசிரவம், சம்வரம், நிர்ச்சரை என்னும் மூன்றுக்கும் வாய்த்த தமிழ்ப் பெயர்களே ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்பன. இம்மூன்று சொற்களை விளங்கிக்கொண்டால் சிந்தாமணியின் இறுதிப் பகுதியிலும் மேருமந்தர புராணத்திலும் பாதித் தடை நீங்கிவிடும்.

வினை என்றவுடன் பலர் தலைவிதி என்று பொருள் கொள்கின்றனர். சமண நெறியில் வினை நுண்ணிய பொருட்டுகள். அதாவது உயிரல்லாத புற்கலம். மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் அசைவால் அது உயிரை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அவ்வரவே ஊற்று. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் பசையால் அது உயிரோடு ஒட்டிக்கொள்வது கட்டு. வரும் வழியை அடைப்பது செறிப்பு. ஒட்டியது கழன்று விழுவது உதிர்ப்பு. முற்றும் உதிர்ந்த நிலை வீடு. இதில் தண்டிப்பவரும் இல்லை, மன்னிப்பவரும் இல்லை. எழுதி வைத்தவர் என்று ஒருவரைச் சுட்டவும் இடமில்லை.

முன்னோர் இதற்கு ஏரியை உவமை காட்டினர். ஏரியை வற்றச் செய்ய வேண்டுமாயின் முதலில் வரத்துக் கால்வாயை அடைக்க வேண்டும். பிறகு உள்ள நீரை இறைக்கவும் வெயிலில் காயவிடவும் வேண்டும். கால்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இறைப்பவன் ஆயுள் முழுதும் இறைத்துக்கொண்டே இருப்பான். நோன்பு இருப்போம், ஆனால் நாவை அடக்கோம் என்பார்க்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. உதிர்ப்புக்கும் அழகிய உவமை உண்டு. பழம் மரத்திலேயே காலம் வந்து கனிந்து விழுவது ஒருவகை. காயைப் பறித்து வைக்கோலில் இட்டு முன்னதாகக் கனியச் செய்வது மற்றொரு வகை. வினை தன் பயனைக் கொடுத்துக் கழிவது முன்னதற்கும், தவத்தால் காலத்துக்கு முன்பே கழிவது பின்னதற்கும் ஒப்பு. ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் வளர்ந்த நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கக் கரும்பலகையும் வேண்டியதில்லை.

ஏரி என்றதும் போளூரை அடுத்த திருமலை நினைவுக்கு வருகிறது. பதினாறு அடி உயர நேமிநாதர் திருவுருவத்தைக் காணச் செல்வோர், அங்குள்ள கல்வெட்டுகளையும் சற்று நின்று நோக்க வேண்டும். முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1005-இல், குணவீர மாமுனிவர் என்பார் கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் அங்கே கலிங்கு அமைத்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, குந்தவை சினாலயத்துக்கு நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. தகடூர் அதிகமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள், எழினி முன்பு செய்வித்த இயக்கன் இயக்கியர் படிமங்களைச் செப்பனிட்டதோடு கால்வாயும் அமைத்தான் என்பது மற்றொரு செய்தி.

முற்றத் துறந்த முனிவர் உழவருக்குக் கலிங்கு கட்டுகிறார்! உள்ளத்து ஊற்றை அடைக்கக் கற்பித்தவர் ஊரார் வயலுக்கு நீர் முறைப்படுத்தினார். சமணம் உலகை வெறுத்த சமயம் என்போர்க்கு இக்கல் ஒன்றே போதிய விடையாகும். நெல் விளைந்தால்தான் சாவகர் வாழ்வர். சாவகர் வாழ்ந்தால்தான் முனிவருக்கு உணவு கிடைக்கும் என்ற உலகியல் கணக்கும் இதில் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? துறவறமும் இல்லறமும் ஒன்றையொன்று தாங்கியே நின்றன.

நீலகேசியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்த நூல் அது. முனிச்சந்திரர் உயிர்ப்பலியைத் தடுத்து, மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் சொன்னதால் சினந்த தேவதை, பழையனூர் நீலியை ஏவுகிறது. அச்சுறுத்தியும் மயக்கியும் பார்த்துத் தோற்ற நீலி, அவரிடமே அறங்கேட்டு மாணவியாகிறாள். முதற் சருக்கம் முழுதும் அவள் கேட்பவள். வாதங்கள் அதன் பின்னரே. கற்று முடிக்குமுன் வாதுக்குச் செல்லும் எம்போன்றோர் இவ்வரிசையைக் கருத வேண்டும்.

ஆயினும் எமக்கு ஒரு மன உறுத்தல் உண்டு. பொருளுக்குப் பல பக்கம் உண்டென்னும் அநேகாந்தத்தைப் போற்றும் சமயத்தின் நூல், புத்தரையும் ஆசீவகரையும் சாங்கியரையும் வைசேடிகரையும் வரிசையாகத் தோற்கடிப்பது முறையா? 'இது இப்படி மட்டுமே' என்னும் ஒருபக்கக் கோட்பாட்டையே நீலகேசி மறுக்கிறாள் என்று விடை கூறலாம். எல்லாம் கணந்தோறும் அழியுமாயின் செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் என்றாகுமே என்று அவள் கேட்பது வலிமையான வாதம். ஆனால் சில இடங்களில் எள்ளல் மிகுந்துவிடுகிறது. பௌத்தர் ஒருவர் அருகிருந்து கேட்டால் வருந்துவார். அவள் மறுத்த குண்டலகேசியோ இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. அதைப் பற்றி அறியக் கூடியவற்றுள் பெரும்பகுதி, அதனை மறுத்த நீலகேசியாலும் அதன் உரையாலுமே எஞ்சியுள்ளது. மறுக்கப்பட்ட நூல் கிடைக்காதபோது மறுத்த நூலும் பாதி விளங்காமற் போகிறது. பிற சமயச் சுவடிகளையும் காப்பது நம் நூல்களுக்கே நன்மை என்பதை யாம் இதனால் உணர்ந்தோம்.

நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அவர் சித்தாமூருக்கு வந்து சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. உண்மையோ கதையோ, பிற சமயத்துப் பேரறிஞருக்குப் பாடம் சொல்லும் தகுதி நம்மவரிடம் இருந்தது என்ற நம்பிக்கையை அது காட்டுகிறது. கும்பகோணத்தில் 1880-இல் அத்தகுதி மெய்யாகவே இருந்தது. இன்று ஒரு சாமிநாதையர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று, 'செறிப்பு என்றால் என்ன?' என்று கேட்டால் விடை கூறுவார் எத்தனை பேர்? நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிகின்றனர். ஊரில் விளக்குப் போடுவோர் முதியோர். சொற்கள் அவர்களிடமே உள்ளன.

ஆதலால் யாம் ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் பெரியோரிடம் மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டு, அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதி வர வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தறியாத ஆயா ஒருவர், செறிப்பு என்பதற்கு, "மடையை அடைக்கறதுதான், வேறென்ன?" என்றார். அகராதியில் இவ்வளவு விரைவில் தெளிவு கிடைப்பதில்லை. இவ்விதழ் வாசகர்கள் தம் இல்லங்களில் வழங்கும் சமயச் சொற்களையும் அவற்றுக்குப் பெரியோர் கூறும் விளக்கங்களையும் ஊர்ப்பெயருடன் எழுதியனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். அடுத்து, மேருமந்தர புராணத்தை எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம். காஞ்சிக்கு அருகில் திருப்பருத்திக்குன்றத்தில் வாழ்ந்த வாமன முனிவர் நூல் அது. ஒன்பது பொருள்களையும் அது விரித்துரைக்கும் பகுதியை முதலில் படிப்பதாக இருக்கிறோம்.