மருத்துவமனையில் தலைமை நாற்காலி யாருக்கு?



கல்வி உதவித்தொகைக்கு மனு வாங்கும் நாட்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். மகளின் நர்சிங் படிப்புக்காக வரும் தகப்பனார், தாளை மேசையில் வைப்பதற்கு முன்பே, "டாக்டருக்குத்தான் ஆசைப்பட்டோம் காக்கா, மார்க் பத்தலை, அதான் இது" என்பார். பார்மசி, லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் இதே முன்னுரைதான். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

டாக்டர் மட்டுமே தலை, மற்றவர்கள் எல்லாம் அவருக்குக் கை கால் என்ற இந்த நினைப்பு வீட்டோடு நின்றால், ஒரு பிள்ளையின் மனம் நோகும். ஒரு நாட்டின் மருத்துவமனைகளுக்குள்ளேயே புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நைஜீரியாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

இருபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு அது. ஏறக்குறைய பாதிப் பேர் முஸ்லிம்கள். மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் முக்கால் பங்கு அளவுக்கு மக்கள் சொந்தக் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். அரசு மருத்துவமனை கதவடைத்தால் ஏழைக்கு வேறு வாசல் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1985-இல் இராணுவ ஆட்சியின்போது அங்கே பத்தாம் எண் ஆணை ஒன்று வந்தது. பெரிய போதனா மருத்துவமனைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் ஆணை. அதன்படி மருத்துவமனையின் தலைவர் 'தலைமை மருத்துவ இயக்குநர்'. அவர் மருத்துவத் தகுதி பெற்றுப் பதிவு செய்தவராக, அதாவது டாக்டராக, இருக்க வேண்டும். அவருக்குக் கீழே சிகிச்சை விவகாரங்களைக் கவனிக்கும் மருத்துவ ஆலோசனைக் குழுத் தலைவரும் டாக்டர்தான். நிர்வாக இயக்குநர் என்று ஒருவர் உண்டு. கோப்புகள் அவரிடம், முடிவு டாக்டரிடம்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்வது ஒரு வேலை. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது, மருந்து வாங்குவது, ஜெனரேட்டருக்கு டீசல் போடுவது, பதவி உயர்வு கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் டாக்டர் முந்தியவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது வேலையும் அவருக்கே பிறப்புரிமையா என்பதுதான் சண்டை.

செவிலியர், மருந்தாளர், ஆய்வக நிபுணர், கதிரியக்கப் பிரிவினர், பதிவேட்டு ஊழியர் ஆகியோரின் ஐந்து தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. அதன் சுருக்கப் பெயர் ஜோஹெசு. தகுதியும் நிர்வாக அனுபவமும் உள்ள எந்தச் சுகாதாரப் பணியாளரும் தலைவராகலாம், ஆணையை மாற்றுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. எதிர்ப்பக்கம் நைஜீரிய மருத்துவர் சங்கம். நோயாளி இறந்தால் கூண்டில் ஏறுவது நாங்கள், ஆகவே தலைமையும் எங்களுக்கே என்பது அவர்கள் பதில்.

சண்டை நாற்காலியோடு நிற்கவில்லை. ஆய்வகத்துக்குத் தலைவர் நோயியல் டாக்டரா, ஆய்வக விஞ்ஞானியா என்று ஒரு தகராறு. மூத்த மருந்தாளரும் செவிலியரும் 'கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொள்ளலாமா என்று இன்னொரு தகராறு. வெளியிலிருந்து பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் இருபத்தைந்து வருடம் உழைத்தும் தன் துறைக்குள்ளேயே தலைமை கிடைக்காது என்று தெரிந்த மனிதரின் மனநிலை வேறு.

பிறகு சம்பளம். 2009-இல் டாக்டர்களுக்கு ஒரு சம்பள அட்டவணை, மற்ற எல்லோருக்கும் வேறொரு அட்டவணை என்று பிரித்தார்கள். அதற்குப்பின் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் எழுந்து நின்றது. 2014-இல் தங்கள் அட்டவணை திருத்தப்பட்டது போல மற்றவர்களுடையதும் திருத்தப்பட்டால், இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிடும் என்று மருத்துவர் சங்கம் ஆட்சேபித்தது. கவனியுங்கள், தன் சம்பளம் குறைகிறது என்பதல்ல புகார். பக்கத்தில் இருப்பவர் நெருங்கி வருகிறார் என்பதே புகார். சொத்துப் பங்கீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் இந்தக் குணத்தைப் பார்த்த பெரியவர்கள் நம்மிலும் உண்டு.

இனி இரண்டு வேலைநிறுத்தங்களைப் பார்ப்போம்.

2014 ஜூலை 1 அன்று மருத்துவர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. 24 கோரிக்கைகள். தலைமைப் பதவிகளையும் 'கன்சல்டன்ட்' பட்டத்தையும் டாக்டரல்லாதோருக்குத் தரக்கூடாது என்பதும் அவற்றில் இருந்தது. அரசு மருத்துவமனைகளில் டாக்டர் இல்லை. அந்த மாதம் 20-ஆம் தேதி லைபீரியாவிலிருந்து லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கிய ஒருவர் அங்கேயே சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் உடம்பில் இருந்தது எபோலா.

அங்கே மூத்த மருத்துவராக இருந்த அமேயோ ஸ்டெல்லா அடடேவோ சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோயாளியை விட்டுவிடுங்கள் என்று மேலிருந்து நெருக்கடி வந்தும் அவர் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் இரண்டு கோடியளவு மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரத்தில் நோய் நடந்திருக்கும். ஆகஸ்ட் 19 அன்று அதே நோயால் அவர் இறந்தார். அதே மருத்துவமனையில் செவிலியரும் இறந்தார், வார்டு பணியாளரும் இறந்தார். நாடு முழுவதும் 20 பேருக்கு நோய், 8 பேர் மரணம். நோயாளிகளோடு பழகிய கிட்டத்தட்ட 900 பேரைத் தேடிப்பிடித்து, நாள்தோறும் வீடு தேடிப்போய்க் காய்ச்சல் பார்த்துத்தான் நோயை அடக்கினார்கள். அந்த வேலையைச் செய்தது டாக்டர்கள் மட்டுமல்லர். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனைக்கு அந்த நோயாளி போயிருந்தால் இன்னும் பலருக்குப் பரவியிருக்கும், வேலைநிறுத்தமே ஒரு வகையில் காப்பாற்றியது என்று சொல்வோரும் உண்டு. இருக்கலாம். ஆனால் அது யாரும் திட்டமிட்டுச் செய்த நன்மை அல்ல. நோய் உள்ளே வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நீடித்தது. ஆகஸ்ட் 24 அன்றுதான் நிறுத்தி வைத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து மறுபக்கத்தின் முறை. 2018 ஏப்ரல் நடுவில் ஜோஹெசு வேலைநிறுத்தம் தொடங்கி மே 31 வரை நீடித்தது. ஆறு வாரத்துக்கும் மேல். இம்முறை டாக்டர்கள் பணியில் இருந்தார்கள். ஆனால் கார்டு எழுதித் தர ஆள் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. மருந்துக்கூடம் பூட்டு. வார்டில் ராத்திரி கண்விழிக்க செவிலியர் இல்லை. பெரிய மருத்துவமனைகள் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பின. வேலை செய்யாத ஏப்ரல், மே மாதச் சம்பளத்தை அரசு பிடித்து வைத்தது. அந்தச் சம்பளத்தைக் கொடு என்பது அடுத்த பல வருடங்களுக்குப் புதிய கோரிக்கையாகிவிட்டது.

2014-இல் டாக்டர் இல்லாமல் மருத்துவமனை நடக்கவில்லை. 2018-இல் டாக்டர் இருந்தும் நடக்கவில்லை. யார் பெரியவர் என்ற கேள்விக்கு இரு தரப்பும் சேர்ந்து இப்படியொரு பதிலைத் தந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

சமரசத்துக்கு முயற்சி நடக்காமல் இல்லை. அரசின் மூத்த அதிகாரியாக இருந்த யாயாலே அகமது தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, எல்லாத் தரப்பையும் கேட்டு அறிக்கையும் கொடுத்தது. அறிக்கை வந்தது, அமைதி வரவில்லை.

டாக்டர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஆராய்ந்து அமண்டா குடால் என்பவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்கள் தலைமை வகிக்கும் மருத்துவமனைகளின் தர மதிப்பெண் மற்றவற்றைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் டாக்டர் தலைமைதான் அதற்குக் காரணம் என்று இதை வைத்து நிரூபித்துவிட முடியாது என்று அவரே எச்சரித்தார். நல்ல மருத்துவமனைகள் டாக்டர்களைத் தேடி எடுத்திருக்கவும் கூடும் அல்லவா?

இங்கிலாந்து வேறு வழி போனது. 1974 முதல் அங்கே டாக்டர், செவிலியர், நிர்வாகி, கணக்கர் எல்லோரும் குழுவாக உட்கார்ந்து, எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்று வைத்திருந்தார்கள். மஷூரா போலக் கேட்க அழகாக இருக்கிறது. 1983-இல் இதை ஆராய அழைக்கப்பட்டவர் ராய் கிரிஃபித்ஸ், சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒன்றின் நிர்வாகி. யாரிடம் பொறுப்பு என்று கேட்டால் காட்ட ஒருவரும் இல்லை என்பதே அவர் கண்ட குறை. பிறகு பொது மேலாளர் பதவி வந்தது, எந்தத் துறையினரும் வரலாம் என்று. அதற்கும் டாக்டர்கள், செவிலியர்கள் இரு பக்கத்திலும் முணுமுணுப்பு உண்டு. எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு எந்த நாட்டிலும் இல்லை.

நம் முன்னோர் நடத்திய மருத்துவமனைகளிலும் இந்தக் கேள்வி இருந்தது. மாமேதை அர்-ராஸி, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்த டாக்டர். ஆனால் பணம் பெரும்பாலும் வக்ஃபிலிருந்து வந்தது, வக்ஃபின் சாவி அதன் பொறுப்பாளரிடம் இருந்தது. 1184-இல் திமிஷ்க் போன பயணி இப்னு ஜுபைர் அங்கே கண்டதை எழுதியிருக்கிறார். நோயாளிகளின் பெயரையும் மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவையும் ஏட்டில் பதியப் பணியாளர்கள் இருந்தார்கள். மருத்துவர்கள் அதிகாலையில் வந்து நோயாளிகளைப் பார்த்து, யாருக்கு என்ன மருந்து, என்ன உணவு என்று சொல்லிப் போவார்கள். ஏடு ஒருவரிடம், நாடி ஒருவரிடம்.

இந்தப் பிரிவினை எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதின் மருத்துவமனைகளை மேற்பார்த்தவர் ஸினான் இப்னு தாபித். அங்கே ஒரு மருத்துவமனைக்குக் கலீஃபா முத்தவக்கிலின் தாயார் விட்டுச்சென்ற வக்ஃபிலிருந்து வருமானம். அதில் ஒரு பங்கு பனூ ஹாஷிம் குடும்பத்தாருக்கு, ஒரு பங்கு மருத்துவமனைக்கு. பொறுப்பாளரோ செல்வாக்குள்ள குடும்பத்தாருக்கு முதலில் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்கு இழுத்தடித்தார். குளிர்காலம். போர்வை இல்லை, கணப்புக்குக் கரி இல்லை.

ஸினான் தன் ஆட்களைக் கூட்டிக் கதவைச் சாத்தவில்லை. வக்ஃபை என்னிடம் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. இன்ன பொருள் இல்லை, அதனால் நோயாளி இன்ன துன்பம் படுகிறான் என்று அமைச்சர் அலீ இப்னு ஈஸாவுக்கு எழுதினார். அமைச்சர் உடனே பொறுப்பாளருக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். இந்தக் குளிரில் பணம் ஏன் குறைந்தது என்று கணக்குக் கேட்டார், எப்படியாவது பணத்தைச் சேர்த்து நோயாளிகளுக்குப் போர்வையும் துணியும் கரியும் போய்ச்சேர வழி செய் என்றார். தட்டிக் கேட்க மேலே ஒருவர் இருந்தார், அவர் கேட்டார். நைஜீரியாவில் அந்த இடத்தில் இருந்த அரசுகள் இரு தரப்புக்கும் தனித்தனியே வாக்குறுதி கொடுத்து நாளைக் கடத்தின. ஒப்பந்தம் போடுவதும் அதை நிறைவேற்றாமல் விடுவதும் வழக்கமாகிப் போனது. என் கணிப்பில், சங்கங்களின் பிடிவாதத்தைவிட இதுவே பெரிய குற்றம்.

இந்தப் பாடத்தை வீட்டில் படிக்கும்போது பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். ஒரு பிரசவம் நல்லபடியாக முடிய எத்தனை பேரின் கை தேவை என்று அவர்களையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நமதூரில் ஜமாஅத் சார்பில் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினால் சிகிச்சையில் கடைசிச் சொல் யாருக்கு, பணத்தில் கடைசிச் சொல் யாருக்கு, இருவரும் முரண்பட்டால் யாரிடம் போவது என்று பெரியவர்களும் பேசிப் பாருங்கள்.

அடுத்த முறை உதவித்தொகை மனு கொண்டு வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள். படிப்பின் பெயரை அவளே சொல்லட்டும், முன்னுரை தேவையில்லை.