கழித்தாலும் தீராத ஒளி

இரவு ஷிப்டு ஓடும் பனியன் கம்பெனிகளின் விளக்கொளியும் தெருவிளக்குகளின் ஒளியும் ஆகாயமெங்கும் படர்ந்திருக்க, மார்கழி இரவில் திருப்பூர் மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படம்பிடிக்கும் அன்பர்கள், படத்தின் ஒருபுறம் மட்டும் வெளுத்திருக்கக் கண்டு, சிரில் முதலிய மென்பொருள்களின் பின்புல நீக்கத்தை நாடுகின்றனர். அது பிழைபடும்போது தோஷம் பெரும்பாலும் கருவியினுடையதன்று, நம் நம்பிக்கைகளினுடையது.

நம்பிக்கை: எவ்வித ஒளிச்சீரின்மையும் கழித்தால் நீங்கும்.

உண்மை: நகரொளி நட்சத்திர ஒளியோடு கூடி வருவதாகையால் கழிக்கத்தக்கது, கண்ணாடியமைப்பினால் படத்தின் ஓரங்கள் மங்குவதோ ஒளியை விகிதப்படி குறைப்பதாகையால் வகுத்தே தீர்க்கவேண்டியது. வெள்ளைப் பனியன் துணியைத் தொலைநோக்கியின் வாயில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அந்திவானத்தை நோக்கி எடுத்த ஃபிளாட் படத்தால் முதலில் வகுத்து, பிறகு கழிப்பதே கிரமம்.

நம்பிக்கை: பின்புல ஒளியைக் கணிக்கும் பல்லுறுப்புக்கோவையின் படி உயர உயரப் பலன் சிறக்கும்.

உண்மை: சிரிலில் 1 முதல் 4 வரை படிகள் உண்டு, ஒரே திசையில் சரியும் ஒளிக்கு 1 போதும். நான் ஒருமுறை 4 வைத்து, வானொளியை அளக்க மென்பொருள் இடும் மாதிரிக் கட்டங்களையும் இட்டபடியே விட்டதில், நெபுலாவைச் சுற்றி அகழிபோல் ஒரு கருவளையம் தோன்றிற்று. உற்று நோக்கியபோது, சில கட்டங்கள் நெபுலாவின் மெல்லிய விளிம்பின்மேலேயே அமர்ந்து, அதனையும் வானமென்று கணக்கில் சேர்த்திருந்தன. அவற்றை அகற்றிப் படியைக் குறைத்ததும் வளையம் மறைந்தது.

நம்பிக்கை: கழித்துவிட்டால் நகர வானமும் மலை வானமும் ஒன்றே.

உண்மை: ஒரு படப்புள்ளியில் நகரொளியின் ஒளித்துகள்கள் 10,000 விழுந்தால், அவற்றின் இயல்பான ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 100, பத்தாயிரத்தைக் கழித்தாலும் அந்த நூறு அப்படியே நிற்கும், நெபுலா தந்த 50 துகள்கள் அதில் அமிழ்ந்துபோகும். அத்தகைய 100 படங்களைக் கூட்டினாலோ நெபுலாவின் பங்கு 5,000 ஆக, ஏற்றத்தாழ்வு 1,000 அளவிலேயே நிற்கும். வானியலாளர் வைணு பாப்பு தம் வானாய்வு நிலையத்துக்கு ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்ததும், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே அர்ப்பணிக்கப்பெற்றதும் இருண்ட வானத்தின் அருமையை உணர்ந்தே.

ஆகவே, மாடியில் நிற்கும் நமக்குப் பொறுமையே காவலூர். எது வானம், எது நெபுலா என்று கட்டம் கட்டமாகப் பார்த்துச் சொல்லும் கடமையை மென்பொருளிடம் ஒப்படைத்துவிடலாகாது.